இல்லவழிக் கல்வியும் குடும்ப வாழ்க்கையும்: பொருநைக் கரையை முன்னிட்டு

இல்லவழிக் கல்வி என்பது, குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமலோ, சேர்த்த பின்னர் விலக்கிக்கொண்டோ, அவர்களுடைய அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் தேக நலத்துக்கும் உரிய பொறுப்பைப் பெற்றோர் தாமே முழுவதும் ஏற்று, வீட்டையும் வீட்டைச் சூழ்ந்த ஊரையும் கற்குமிடமாகக் கொண்டு நடத்தும் கல்விமுறையாகும். பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு மாலையில் நடத்தப்படும் டியூஷன் இதில் அடங்காது. பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் பகற்பொழுதைப் பிறர் வகுத்துத் தருகிறார்கள். இம்முறையிலோ அப்பொழுது முழுவதும் அப்பா, அம்மா, ஆச்சி, தாத்தா ஆகியோருடைய வேலைகளோடும் ஓய்வோடும் கலந்தே கழிவதால், குடும்பத்தின் ஜீவியமே கல்வியின் உருவத்தைப் பெறுகிறது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே, பொருநை என்னும் தாமிரபரணியின் கரையில் அமைந்த வண்ணார்பேட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து, இம்முறையின் வரலாறு, சட்ட நிலை, அன்றாட ஒழுங்கு, குறைகள் ஆகியவை இங்கே கூறப்படுகின்றன.

பழைய நிலை

பிள்ளைகள் அனைவரும் பள்ளிக்கூடத்துக்குச் சென்றே கற்க வேண்டும் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் மிகப் பழையதன்று. 1822 ஆம் ஆண்டில் சென்னை மாகாண கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் கல்வி எவ்வாறு நடைபெறுகிறது என்று கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டபோது, சென்னைப் பட்டணத்திலிருந்து சென்ற அறிக்கை, வீட்டிலேயே கற்கும் பிள்ளைகள் ஏறத்தாழ 27,000 பேர் என்றும், அத்தொகை பள்ளிகளில் கற்போரைப் போல் ஏறக்குறைய 5 மடங்கு என்றும் தெரிவித்தது. அந்தக் கணக்கின் துல்லியத்தை மன்றோ ஐயுற்றாரேனும், உறவினரிடமும் தனி ஆசிரியரிடமும் வீட்டிலிருந்தே கற்போர் கணிசமானவர் என்பதை 1826 இல் எழுதிய குறிப்பில் ஒப்புக்கொண்டார். இவ்வறிக்கைகளைத் தரம்பால் என்னும் அறிஞர் திரட்டி 1983 இல் நூலாக வெளியிட்டார்.

ஆயினும் அக்காலத்துக் கல்வியைப் பொற்காலமென்று போற்றுவதற்கில்லை. பெண்மக்களுள் மிகப் பெரும்பாலோருக்கும் ஒடுக்கப்பட்டிருந்த மக்களுக்கும் அதன் கதவு அடைத்தே கிடந்தது. 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் முதலான கிறிஸ்தவப் பாதிரிமார்களும், பின்னர் கல்விச்சாலைகளை நிறுவிய சைவ, இஸ்லாமியப் பெருமக்களும், அரசாங்கமும் செய்த பிரயாசையினாலேயே இப்பகுதியில் எழுத்தறிவு எல்லார்க்கும் உரியதாயிற்று. பள்ளிக்கூடங்களின் பெருக்கத்தினாலே தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் பெற்ற பாளையங்கோட்டைக்குப் பக்கத்திலே வாழ்பவர் எவரும், பள்ளியின் உபகாரத்தை மறந்து இல்லவழிக் கல்வியைப் பேசுதல் நன்றியுடைமையாகாது.

காந்தியடிகளின் அனுபவம்

இம்முறையை இந்தியர்களுள் மிக வெளிப்படையாகப் பரிசோதித்தவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் மற்ற இந்தியக் குழந்தைகளுக்கு இடமில்லாத ஐரோப்பியப் பள்ளிகளில் தம் மக்கள்மட்டும் சலுகையாக இடம் பெறுவதை விரும்பாமல், அவர்களைத் தாமே கற்பிக்க முற்பட்டார். ஜோஹானஸ்பர்க்கில் தம் அலுவலகத்துக்குப் போகவும் வரவுமாக நாள்தோறும் ஏறத்தாழ 5 மைல் நடக்கும்போது பிள்ளைகளையும் உடனழைத்துச் சென்று பேசிக்கொண்டே கற்பித்தார். 1910 இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ச் சிறுவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் வேலையையும் ஏற்றார். அதற்கு அவருக்கிருந்த சாதனம், கப்பற் பிரயாணத்திலும் சிறையிலும் போப் ஐயரின் தமிழ்க் கைந்நூலைக்கொண்டு தாம் கற்றிருந்த சிறிதளவு தமிழே. 1842 இல் நெல்லைச் சீமைக்கு வந்து சாயர்புரத்தில் கல்விச்சாலை நிறுவிய ஜி. யு. போப்பின் நூல், இவ்வாறு கடல் கடந்து ஒரு பண்ணை வீட்டின் பாடப்புத்தகமாயிற்று.

ஆனால் பிள்ளைகளுக்கு வேண்டிய ஏட்டுக்கல்வியைத் தம்மால் போதிய அளவு தர இயலவில்லை என்பதையும், அதுபற்றி அவர்களுக்குத் தம்மீது மனக்குறை உண்டு என்பதையும் அடிகள் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மூத்த மகன் ஹரிலால் 1911 இல் தந்தையை விட்டுப் பிரிந்து இந்தியா திரும்பியதற்கு இக்குறையும் ஒரு காரணம். தந்தையின் லட்சியம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதன் விலையைச் செலுத்துபவன் பிள்ளையாகவும் இருக்கக்கூடும் என்பதை இவ்வரலாறு இல்லவழிக் கல்வியை மேற்கொள்ளும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எடுத்துரைக்கிறது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்னும் ஆசிரியர் 1977 இல் இதற்கெனவே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார்; 1993 க்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இம்முறை சட்ட சம்மதம் பெற்றது. ஜெர்மனியிலோ குழந்தைகள் பள்ளிக்கு நேரில் செல்வது கட்டாயமாக உள்ளது. ஒரே காரியத்தை ஒரு நாடு பெற்றோரின் உரிமையாகவும் மற்றொரு நாடு குழந்தையின் உரிமைக்கு மாறானதாகவும் கருதுகின்றன.

இந்தியச் சட்ட நிலை

அரசியலமைப்பின் 86 ஆம் திருத்தத்தை அடியொற்றி 2009 இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியது. குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10 ஆம் பிரிவு கூறுகிறது. அக்கடமையில் தவறிய பெற்றோருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் விதிக்கவில்லை. அங்கீகாரம் பெறாத பள்ளியை நடத்துவோருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆதலால் சில குடும்பங்கள் ஒன்றுகூடிக் கட்டணம் வாங்கி ஒழுங்காக வகுப்பு நடத்தத் தலைப்படும்போது, அது வீட்டுக் கல்வி என்ற எல்லையைக் கடந்து பள்ளியாகக் கருதப்படலாம் என்பதை அவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பள்ளியிற் சேராத குழந்தை எப்போது வந்தாலும் அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, தனிப்பயிற்சியும் அளிக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 4 ஆம் பிரிவு விதிப்பது, திரும்பிச் செல்ல விரும்பும் குழந்தைக்குப் பெரும் ஆதரவாகும்.

தேர்வுக்கு இரண்டு வழிகள் பிரதானமானவை. 1989 இல் தொடங்கப்பெற்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்து, ஆண்டுக்கு இருமுறை நடக்கும் பொதுத் தேர்வில் பாடங்களைச் சிறிது சிறிதாக எழுதி முடிக்கலாம். மாநில அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வை 12½ வயது நிறைந்தவர் தனித்தேர்வராக நேரடியாக எழுதி, பின்னர் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் செல்லலாம். பிள்ளை எந்தக் கல்லூரியை, எந்த உத்தியோகத்தை நாடக்கூடும் என்பதை எண்ணி, அதற்கு எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதைப் பெற்றோர் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே விசாரித்து அறிதல் அவசியம்.

அன்றாட ஒழுங்கு

இல்லவழிக் கல்வியில் புதிதாகப் புகுந்த குடும்பங்கள் பெரும்பாலும் செய்யும் முதற் காரியம், பள்ளியின் கால அட்டவணையை அப்படியே வீட்டுச் சுவரில் ஒட்டுவதாகும். நாற்பது பிள்ளைகளுக்காக ஏற்பட்ட அந்த ஒழுங்கு, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் சில வாரங்களுக்குள் தாய்க்கும் பிள்ளைக்கும் மனத்தாங்கலை விளைவித்துத் தானே உதிர்ந்துபோகிறது. நிலைத்து நடக்கும் வீடுகளில் காலை வெயில் ஏறுவதற்கு முன் கணக்குக்கும் மொழிக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்கப்படுவதும், மிகுந்த பொழுது வீட்டு வேலை, வாசிப்பு, கைத்தொழில், விளையாட்டு என்று விரிவதும் வழக்கம். ஒரே பாடத்தை ஒருவனுக்கு ஒருவன் அருகில் அமர்ந்து சொல்லும்போது, வகுப்பறையில் ஒரு நாள் பிடிப்பது அரைமணியில் முடிந்துவிடுகிறது என்பதை அறியாதவரே, இவ்வளவு சொற்ப நேரம் போதுமா என்று ஐயுறுவர்.

வீட்டு வேலைகளைப் பாடத்துக்கு இடையூறாகக் கருதாமல் பாடமாகவே கொள்ளுதல் இம்முறையின் உயிர்நிலை. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் அளக்கும்போது விகிதமும், மாவு புளிப்பதில் நுண்ணுயிர்களின் செயலும், மளிகைக் கணக்கில் கூட்டலும் கழித்தலும், மின்சார அட்டையில் சராசரியும் குழந்தைக்குத் தெரியவருகின்றன. மூத்த பிள்ளை இளையதற்குக் கதை வாசித்துக் காட்டுவது இருவருக்கும் ஒருங்கே பயிற்சியாகிறது. ஆச்சியிடம் கேட்கும் பழமொழியும் விடுகதையும் உறவுமுறைச் செய்திகளும் எந்தப் பாடநூலிலும் கிடைக்காத மொழிச்செல்வமாகும். நடுப்பகலில் எல்லாரும் ஓய்வதும், மாலையில் தெருப்பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தவுடன் புத்தகங்களை மூடிவிட்டு அவர்களோடு விளையாட விடுவதும் மிக நல்ல ஏற்பாடுகள்.

ஊரே பாடசாலை

வண்ணார்பேட்டை வாசிகளுக்கு வாய்த்த பாக்கியம், நடந்து செல்லும் தூரத்திலேயே பல துறைகளுக்கும் உரிய சாதனங்கள் இருப்பதாகும். கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கிவரும் மாவட்ட அறிவியல் மையத்தில் பௌதிக விதிகளைக் குழந்தைகள் தம் கையாலேயே இயக்கிப் பார்க்கலாம். ஆற்றின் குறுக்கே உள்ள சுலோசன முதலியார் பாலம், கலெக்டர் அலுவலகத்தில் பணிபுரிந்த ஒருவர் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து 1843 இல் எழச்செய்தது; அதன் வளைவுகளைப் பார்த்து வரையும் சிறுவன் க்ஷேத்திர கணிதத்தையும் ஈகையின் பொருளையும் சேர்ந்தே அறிகிறான். ரசிகமணி டி. கே. சி. தம் வண்ணார்பேட்டை இல்லத்தில் நண்பர்களைக் கூட்டி நடத்திய வட்டத்தொட்டி என்னும் இலக்கிய சபை, கம்பனையும் தனிப்பாடல்களையும் தேர்வுக்கு அஞ்சாமல் அனுபவிப்பதற்கு ஒரு வீட்டு முற்றம் போதும் என்பதை நிரூபித்தது. வாரத்தில் ஒருநாள் மாலை இரண்டு மூன்று குடும்பங்கள் கூடிச் செய்யுள் படிக்கும் வழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி இல்லை.

சற்றுத் தொலைவு சென்றால் நதி முழுவதுமே ஒரு பாடத்திட்டமாகிறது. பொதிகை மலையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகில் கடலை அடையும் தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றின் கால்வாய்களைப் பின்பற்றிச் செல்லும் பிள்ளைக்குக் கார், பிசானம் என்னும் இரு போகங்களும் நெல்லைச் சீமையின் பொருளாதாரமும் விளங்கும். பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதையும், காருகுறிச்சியில் மண்பாண்டம் வனைவதையும், கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களையும், கூந்தன்குளத்துக்கு வலசை வரும் பறவைகளையும், தொல்லியலாளர் அலெக்ஸாண்டர் ரே 1899 முதல் அகழ்ந்த ஆதிச்சநல்லூரையும் பருவம் பார்த்துச் சென்று காணலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து ஆறு பெருக்கெடுத்த நிகழ்ச்சி, மழைமானி வைத்து அளக்கும் பழக்கம் எவ்வளவு பயனுடையது என்பதைக் காட்டிற்று. ஆற்றுக்குப் பிள்ளைகளைத் தனியே விடலாகாது என்பதையும், நீச்சலை முதற்பாடங்களுள் ஒன்றாகக் கற்பிக்க வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

பெற்றோரின் நிலை

இம்முறையின் பாரம் பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகிறது. சமையல், முதியோர் பராமரிப்பு, கைக்குழந்தை ஆகியவற்றோடு ஆசிரியத் தொழிலையும் ஏற்கும் பெண்ணுக்குத் தனக்கென ஒரு நாழிகையும் கிடைப்பதில்லை. அவளுடைய சம்பாத்தியமும் பல வீடுகளில் நின்றுபோகிறது. தகப்பன் சில பாடங்களையும் ஒரு வேளைச் சமையலையும் நிரந்தரமாக ஏற்றாலன்றி இல்லவழிக் கல்வியைத் தொடங்கலாகாது என்பது நியாயமான விதி. தாயே ஆசிரியையாகவும் இருப்பதால், கணக்குத் தவறியதற்காகக் கொண்ட கோபம் சாப்பாட்டு வேளையிலும் தொடரும் அபாயம் உண்டு. குறிப்பிட்ட ஒரு மணிக்குமேல் பாடத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று தீர்மானித்துக்கொள்ளும் வீடுகளில் அன்பு கெடாமல் நிற்கிறது. சில பாடங்களை வெளியாசிரியர் ஒருவரிடம் ஒப்படைப்பதும், பிள்ளை கற்றதை நாட்குறிப்பில் எழுதி வைப்பதும் பெரிதும் உதவும்.

‘என்ன மதினி, பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்கலியா?’ என்று அண்டைவீட்டார் கேட்கும் கேள்வியில் பெரும்பாலும் அக்கறையே உள்ளது. அதற்குச் சினவாமல், பிள்ளை என்ன கற்கிறது என்பதை எடுத்துக்காட்டும் பெற்றோருக்கு நாளடைவில் அந்த அண்டைவீட்டாரே துணையாகின்றனர்.

குறைகளும் எச்சரிக்கைகளும்

பல சாதி, பல சமயம், பல நிலைமைகளைச் சேர்ந்த பிள்ளைகள் ஒரே பெஞ்சியில் அமர்ந்து பழகும் பேறு பள்ளிக்கு உரியது. வீட்டில் அதைத் திட்டமிட்டே உண்டாக்க வேண்டும். தம் இனத்தாரோடு மட்டும் குழந்தையை வளர்க்கும் நோக்கத்துடன் பள்ளியை விலக்குவது கல்விக்கே துரோகமாகும். ரசாயனச் சோதனைச்சாலை, குழு விளையாட்டு, சத்துணவு ஆகியவை வீட்டில் எளிதிற் கிடைப்பனவல்ல. குழந்தைக்குத் துன்பம் நேர்ந்தால் கண்டறியக்கூடிய வெளியார் கண்ணும் குறைந்துவிடுகிறது; ஆதலால் மருத்துவர், நூலகர், ஆசிரியர், உறவினர் என்று நம்பத்தக்க பெரியோர் சிலரோடு குழந்தை தனியே பேசிப் பழக வழி இருக்க வேண்டும். வேலைக்கு அனுப்பும் பொருட்டோ, பெண்பிள்ளை என்னும் காரணத்தாலோ பள்ளியிலிருந்து நிறுத்தி வைப்பதற்கு இல்லவழிக் கல்வி என்று பெயரிடுவது பொய்யாகும்.

மதிப்பீடு

இல்லவழிக் கல்வி எல்லாக் குடும்பங்களுக்கும் ஏற்றதன்று. நேரமும், பொறுமையும், தானும் கற்க வேண்டும் என்ற ஆர்வமும் உடைய பெற்றோரின் கையில் அது பிள்ளைக்கு நிதானத்தையும், தானே தேடிக் கற்கும் சுபாவத்தையும், ஊரோடும் முதியோரோடும் நெருங்கிய பிணைப்பையும் தருகிறது. இவை இல்லாத இடத்தில் அது பிள்ளையின் ஆண்டுகளை வீணாக்கிவிடும். ஆகவே இதை மேற்கொள்ளும் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் தம் பிள்ளையை அருகில் அழைத்து, பள்ளிக்குச் செல்ல விருப்பமா, வீட்டிலேயே தொடர விருப்பமா என்று மனமாரக் கேட்டு, பள்ளி என்று அது கூறினால் சற்றும் வருந்தாமல் சேர்த்துவிட வேண்டும். குழந்தையின் சம்மதத்தோடு நடப்பதே இல்லவழிக் கல்வி.