மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால்?

களம்பூரில் இருக்கிற ரயில் நிலையத்தின் பெயர் "ஆரணி ரோடு". விழுப்புரம் - காட்பாடி பாதையில் போகிற ரயில் ஆரணிக்குள் நுழைவதில்லை. இங்கே இறங்கி ரோட்டைப் பிடித்துத்தான் ஆரணி போக வேண்டும். அதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்! களம்பூர் அரிசி ஆலைகளின் மூட்டைகள் லாரியில் போகின்றன. சுற்றுவட்டாரத்தில் நெய்த பட்டுப்புடவைகள் மொபெட்டில் போகின்றன. ஜனங்கள் பஸ்ஸில் போகிறார்கள். ஆக மொத்தம் இந்த ஊரின் பிழைப்பு ரோட்டில்தான் இருக்கிறது.

அந்த ரோட்டில் ஒரு நெசவாளி மேல் வண்டி மோதி ஒரு கை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். தறிக்கு இரண்டு கையும் வேண்டும், இரண்டு காலும் வேண்டும். மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் வக்கீல், வாய்தா என்று வருடக்கணக்கில் இழுத்தாலும் கடைசியில் கம்பெனி பணம் கட்டிவிடும். இன்சூரன்ஸ் இல்லையென்றால் யார் கட்டுவார்கள்? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் ஒரு நீண்ட சரித்திரமே இருக்கிறது. முழுப் பதில்தான் இன்னும் கிடைக்கவில்லை.

ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். மோட்டார் வண்டி வந்த காலத்தில், விபத்தில் ஒருவர் இறந்தால் அவர் குடும்பம் 1855ஆம் வருடத்து உயிரிழப்பு விபத்துச் சட்டத்தை வைத்து சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். ஜெயித்தாலும் வண்டிக்காரரிடம் பணம் இருந்தால்தான் வரும். இங்கிலாந்திலும் இதே கதைதான். அதனால்தான் அங்கே 1930இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்து, வண்டி ஓட்டுகிற எல்லோரும் மூன்றாம் நபர் காப்பீடு (நம் ஊர் பாஷையில் தேர்ட் பார்ட்டி) எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். மூன்றாம் நபர் என்பது வேறு யாருமில்லை, அடிபட்டவர்தான். வண்டிக்காரர் முதல் ஆள், கம்பெனி இரண்டாவது ஆள்.

சட்டம் போட்ட சில வருடங்களிலேயே ஒரு ஓட்டை தெரிந்துவிட்டது. இன்சூரன்ஸ் எடுக்காதவன் மோதினால் சட்டம் அவனைத் தண்டிக்கும், ஆனால் அடிபட்டவருக்கு ஒரு காசும் வராது. அதை அடைக்க 1946 ஜூனில் இங்கிலாந்தின் மோட்டார் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது அமைப்பை வைத்து அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால் அந்த அமைப்பே இழப்பீடு கொடுக்கும். அதற்கான பணம் ஒழுங்காகப் பிரீமியம் கட்டுகிறவர்களிடமிருந்து வருகிறது. அமெரிக்கா வேறு வழியில் போனது. 1957இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் தொடங்கி, எதிராளிக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் நம் பாலிசியே நமக்குப் பணம் தரும் ஏற்பாட்டை ஒவ்வொரு மாநிலமாகச் சட்டத்தில் சேர்த்தார்கள்.

இந்தியாவில் என்ன நடந்தது? 1939ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாவது அத்தியாயம் கட்டாயக் காப்பீட்டைப் பற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்று. அதாவது, லண்டனில் ஓட்டையை அடைத்து ஒப்பந்தம் போட்ட அடுத்த மாதமே, ஓட்டையோடு இருந்த பழைய சட்டத்தின் மாதிரி இங்கே இறங்கியது! அடைப்பு மட்டும் கப்பலேறவில்லை.

பிறகு வந்த மாற்றங்கள் நல்லவைதான். 1956இல் செய்த திருத்தத்தால் விபத்து வழக்குகளுக்குத் தனித் தீர்ப்பாயம் வந்தது (நடைமுறையில் மாவட்ட நீதிபதியும் சார்பு நீதிபதியும்தான் அங்கே உட்காருகிறார்கள்). இன்னொரு சிக்கல், பாலிசி இருந்தும் பற்றாமல் போவது. பழைய சட்டத்தில் லாரி இன்சூரன்ஸுக்கு உச்சவரம்பு இருந்தது. முதலில் 20,000 ரூபாய், 1969 திருத்தத்தில் 50,000, 1982 திருத்தத்தில் 1,50,000. தீர்ப்பு அதற்கு மேல் போனால் மிச்சத்துக்கு லாரி முதலாளியைத் துரத்த வேண்டியதுதான். 1988ஆம் வருடச் சட்டம் மரணம், காயம் இரண்டுக்கும் இந்த வரம்பையே எடுத்துவிட்டது. இது பெரிய விஷயம், ஆனால் யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஆனாலும் "பாலிசி இருக்கிறது, பணம் வராது" என்ற நிலை முழுசாகப் போய்விடவில்லை. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மினி லாரியில் ஏறிப் போவது நம் பக்கத்தில் சாதாரணம். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிற பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரர் கூட வந்தால் பரவாயில்லை, சொந்தக்காரங்க கூட்டமாக வந்தால் கிடையாது. மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் இதே கதி. வண்டிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் அது அவரைக் காப்பாற்றாது.

சரி, இன்சூரன்ஸே இல்லாத வண்டிகள் எத்தனை? 2018இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்பு வழக்கு ஒன்று நடந்தபோது ஒரு கணக்கு வெளியே வந்தது. ரோட்டில் ஓடும் 18 கோடி வண்டிகளில் சுமார் 6 கோடி வண்டிகளுக்குத்தான் தேர்ட் பார்ட்டி காப்பீடு இருக்கிறதாம்! ஷோரூமில் வாங்கும்போது எடுத்த பாலிசி முடிந்ததும், குறிப்பாக டூவீலர்காரர்கள், அதை மறந்துவிடுகிறார்கள். இந்த வழக்கைப் போட்டவர் ஒரு தமிழர், கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன். விபத்தில் உடைந்த கை கால்களைச் சரிசெய்கிறவரே 2012இல் நேராக டெல்லிக்கு மனு போட்டார். அதன் பலனாக 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார்களுக்கு மூன்று வருடம், புது டூவீலர்களுக்கு ஐந்து வருடம் என்று தேர்ட் பார்ட்டி பாலிசியை மொத்தமாக எடுக்க வேண்டும் என்றானது.

பழைய வண்டி மோதினால்? தீர்ப்பாயம் வண்டிக்காரர் மேல் தீர்ப்பு கொடுக்கும். அவர் கட்டாவிட்டால் கலெக்டருக்குச் சான்றிதழ் போகும், நில வரி பாக்கி மாதிரி வசூல் செய்யலாம். நிலமே இல்லாதவரிடம் எந்த நில வரிப் பாக்கியை வசூலிப்பது? விபத்தில் சிக்கிய இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை உரிமையாளர் ஜாமீன் காட்டாமல் விடுவிக்கக் கூடாது, காட்டாவிட்டால் ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்ற டெல்லி விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நல்ல விதிதான். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மழையில் நனைந்து துருப்பிடித்த பழைய மொபெட் என்ன விலைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு வினோதம் இருக்கிறது. மோதிவிட்டு ஓடிப்போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அரசாங்க நிதி உண்டு. 1982இல் இது தொடங்கியபோது மரணத்துக்கு 5,000 ரூபாய், பலத்த காயத்துக்கு 1,000 ரூபாய். 1994இல் அது 25,000, 12,500 ஆனது. 2022 ஏப்ரல் 1 முதல் 2 லட்சம், 50,000. ஆனால் மோதியவர் ஓடாமல் நின்று, பெயரும் விலாசமும் கொடுத்து, "இன்சூரன்ஸ் இல்லீங்க" என்றால் இந்த இழப்பீடு கிடையாது! அதாவது, மோதியவன் யோக்கியனாக இருந்தால் அடிபட்டவருக்கு நஷ்டம். இங்கிலாந்து 1946இல் அடைத்த ஓட்டை இதுதான்.

அரசு பஸ் கதை தனி. நிதி ஒன்றை ஏற்படுத்திக்கொண்டால் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இன்சூரன்ஸ் எடுக்கத் தேவையில்லை என்று சட்டமே விலக்கு தருகிறது. தமிழ்நாட்டுக் கழகங்கள் பொதுவாக இந்த வழியில் தாங்களே இழப்பீடு கொடுக்கின்றன. கொடுக்கத் தாமதமானால் என்ன ஆகும் என்பது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். கோர்ட் அமீனா உத்தரவோடு பஸ் ஸ்டாண்டுக்கு வருவார், பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு பஸ் தேடுவார்கள், பஸ் கோர்ட் வளாகத்துக்குப் போய்விடும். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் அடிபட்டவருக்கு இது எவ்வளவோ மேல். ஜப்தி செய்ய அங்கே ஒரு பஸ்ஸாவது இருக்கிறது.

ஆஸ்பத்திரிச் செலவு என்ற அளவில் மட்டும் சமீபத்தில் நிலைமை மாறியிருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மோதிய வண்டிக்குப் பாலிசி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சையை அறிவித்தது. உயிர் பிழைத்துவிடலாம். கை போன பிறகு தறியில் யார் உட்காருவது என்பதற்கு இந்தத் திட்டங்களில் இடமில்லை.

நம் நாட்டில் அமெரிக்க முறைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது, பாலிசியோடு எடுக்கும் சொந்த விபத்துக் காப்பீடு. 2018இல் இதை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். எதிர் வண்டிக்கு என்ன இருக்கிறது என்று இது பார்ப்பதில்லை. மரணம், கை, கால், கண் இழப்பு ஆகியவற்றுக்குப் பணம் உண்டு. ஆனால் வண்டியின் உரிமையாளரே ஓட்டியிருக்க வேண்டும், லைசென்ஸ் இருக்க வேண்டும். நடந்து போனவருக்கும் சைக்கிளில் போனவருக்கும் இது கிடையாது.

ஓடிப்போன வண்டிக்கான நிதியைக்கூட யாரும் கேட்பதில்லை என்பதுதான் கொடுமை. 2022இல் மட்டும் இப்படி 67,387 விபத்துகள். ஆனால் 2022-23இல் வந்த விண்ணப்பங்கள் 205, பணம் கிடைத்தது 95 பேருக்கு. அதே ராஜசேகரன் வழக்கில் 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் இப்படி ஒரு இழப்பீடு இருப்பதைக் குடும்பத்துக்கு எழுத்து மூலமாகப் போலீஸே தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. விண்ணப்பத்தை வருவாய்த் துறையில், கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையில் இருக்கும் விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். வக்கீல் தேவையில்லை.