ஆண்லே கா?

ஞாயிற்றுக்கிழமை விஷ்ராந்த்வாடியில் நாலு தமிழ்க் குடும்பம் கூடினால், பேச்சு கடைசியில் லஞ்சத்தில்தான் வந்து நிற்கும். "பிடிக்கிறாங்க சார், அப்புறம் என்ன ஆகுது?" என்பார் ஒருவர். நான் பி.காம். படித்த வங்கிக்காரன், சட்டம் தெரியாது. ஆனால் ஒரு கைதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். இந்தோனேசியாவில் அரசு வழக்கறிஞர் துறைக்கே சொந்தமாக உளவுப் பிரிவு உண்டு. தலைமறைவான ஊழல் ஆசாமிகளைத் தேடிப் பிடிப்பதும் அதன் வேலை. நம் நாட்டில் துப்பு விசாரிப்பதும் கைது செய்வதும் போலீஸ், வழக்கு நடத்துவது மட்டும் வக்கீல். 1941-ல், உலகப் போருக்குச் சாமான் வாங்கியதில் லஞ்சம் பெருகியபோது, சிறப்புப் போலீஸ் பிரிவு ஒன்று பிறந்தது. அதுவே 1963 ஏப்ரல் 1-ல் சி.பி.ஐ. ஆனது. மகாராஷ்டிர லஞ்ச ஒழிப்புத் துறை 1957-லேயே வந்துவிட்டது. 1964-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அமைந்தது நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து கே. சந்தானம் தலைமையிலான குழு சொன்னதால்தான்.

இனி என் கதை. புனே வந்த இரண்டாம் வருஷம், அரசு வங்கி ஊழியன் என்பதால் என்னை சாட்சியாகக் கூப்பிட்டார்கள். வீட்டில் ஒரே பயம். ரூபாய் நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, நோட்டில் ஃபினாப்தலின் பொடி தடவினார்கள். புகார்தாரரோடு நானும் போனேன். அதிகாரி கேட்டது இரண்டே வார்த்தை: "ஆண்லே கா?" கொண்டு வந்தியா என்று அர்த்தம். வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினார்கள். தண்ணீர் ரோஜா நிறமானது. அதைப் புட்டியில் அடைத்து சீல் வைத்ததும் நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வருஷம் கழித்து கோர்ட். எதிர்த்தரப்பு வக்கீல் புட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மதராஸிக்கு மராத்தி தெரியுமா?" என்றுதான் கேட்டார். காய்கறிக் கடையில் கற்ற அளவு தெரியும் என்றேன். காதில் விழுந்ததை மட்டும் சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தண்டனை கிடைத்தது.

அந்தக் கேள்வியின் அருமை பிறகுதான் புரிந்தது. கை சிவந்தால் மட்டும் போதாது, லஞ்சம் கேட்டதும் நிரூபணமாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் உறுதியாகச் சொன்னது. துப்பும் பொடியும் போலீஸிடம் இருக்கும். கேட்ட காது நம்மிடம்தான் இருக்கிறது. உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், ஊர் புதுசு, பாஷை தெரியாது என்று நழுவாதீர்கள்.