கச்சத்தீவும் கடவுச்சீட்டும்: 1974 ஜூலை 23 அறிக்கையின் மறுவாசிப்பு

1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் மக்களவையில் அளித்த அறிக்கையை ஆய்வுலகம் இதுவரை இரண்டு வழிகளில் வாசித்திருக்கிறது. முதல் வழி இறையாண்மை சார்ந்தது. இருந்த நிலத்தை இந்தியா விட்டுக்கொடுத்ததா, அல்லது தாவாவில் கிடந்த நிலத்துக்கு எல்லை வகுத்ததா, உச்ச நீதிமன்றத்தின் 1960ஆம் ஆண்டுப் பேருபாரி கருத்துரைப்படி அரசமைப்புத் திருத்தம் தேவைப்பட்டதா என்பவை அதன் கேள்விகள். இரண்டாவது வழி மீன்பிடி உரிமையைப் பற்றியது. கச்சத்தீவு பற்றிய 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் ஐந்தாவது உறுப்பில் பயண ஆவணம், விசா குறித்து வரும் பின்பாதியை இரு தரப்பினருமே ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். தீவிலுள்ள அந்தோணியார் கோயிலின் பக்தர்களுக்கு இரு அரசுகளும் காட்டிய பரிவு, ஒப்பந்தத்தின் கசப்பைக் குறைக்கச் சேர்த்த சலுகை என்பதே அவர்களுடைய பொதுக் கருத்து. இக்கட்டுரை அக்கருத்தை மறுக்கிறது. ஒப்பந்தத்தின் பொருள் கடவுச்சீட்டு பற்றிய அந்தப் பின்பாதியில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. அமைச்சர் அவைக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் அதைக்கொண்டே அளக்க வேண்டும்.

உறுப்பின் சாரம் இது: மேற்கூறியவற்றுக்கு உட்பட்டு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவர உரிமை பெறுவார்கள்; இந்நோக்கங்களுக்காக அவர்கள் பயண ஆவணமோ விசாவோ பெற வேண்டுமென்று இலங்கை கோராது. 'மேற்கூறியவை' என்பது முதன்மையாக நான்காவது உறுப்பைக் குறிக்கிறது. எல்லைக்கோட்டுக்குத் தத்தம் பக்கத்தில் உள்ள நீருக்கும் தீவுக்கும் அந்தந்த நாடே இறையாண்மை உடையது என்று சொல்வது அந்த உறுப்பு. கோடு தீவின் மேற்குக் கரைக்கு ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி வரையப்பட்டதால், 285 ஏக்கர் தீவு முழுவதும் இலங்கைப் பக்கம் போயிற்று. இதுவரை சொன்னதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு இனிமேல்தான் தொடங்குகிறது. கடவுச்சீட்டு வேண்டாம் என்று ஓர் ஒப்பந்தம் சொல்கிறது என்றால், அந்த விலக்கு இல்லாதபோது கடவுச்சீட்டு வேண்டும் என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. சொந்த நாட்டின் தீவுக்குப் போக எவரும் விலக்குக் கேட்பதில்லை. 1974 ஜூன் வரை இராமேசுவரத்து மீனவர் கச்சத்தீவில் வலை உலர்த்தியபோது, அவர் வெளிநாடு போனதாகத் தமிழகத்தில் எவரும் கருதியதில்லை. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் ஜமீன் உரிமைக்கு உட்பட்டிருந்த தீவு அது. 1958இல் தலைமை வழக்கறிஞர் செடல்வாட் இந்தியாவின் உரிமைக் கோரிக்கையே வலுவானது என்று கருத்துரைத்ததும் அந்த ஜமீன் உரிமையைக் கொண்டுதான். பழைய நிலை தொடரும் என்று உறுதி சொல்ல வந்த அதே வாக்கியம், அந்தப் பழைய பயணத்தை முதன்முறையாக வெளிநாட்டுப் பயணமாக ஆக்கிவிட்டது. நான்காவது உறுப்பு நிலத்தை மாற்றியது. போகிறவரின் சட்ட நிலையை ஐந்தாவது உறுப்பு மாற்றியது. முந்தைய ஆய்வுகள் முதல் மாற்றத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதின. இரண்டாவது மாற்றம் அவற்றின் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் உண்டு, என் பார்வையில் இதுவே முக்கியமானது. அந்த விலக்கு இலங்கையை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. இலங்கை கோராது என்றுதான் வாசகம் இருக்கிறது. இந்தியாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் இந்தியாவின் 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, செல்லத்தக்க கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இல்லாமல் எவரும் இந்தியாவைவிட்டு வெளியேறக் கூடாது, வெளியேற முயலவும் கூடாது என்கிறது. மீறுவது பன்னிரண்டாம் பிரிவின்படி குற்றம். பொதுநலன் கருதி ஒரு வகுப்பினருக்கு விலக்களிக்க மத்திய அரசால் முடியும். ஆனால் அது 22ஆம் பிரிவின்படி அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டுச் செய்ய வேண்டிய செயல். வெளிநாட்டுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வாசகம் இந்தியாவில் தானாகவே சட்டமாகிவிடாது. ஆகவே 1974 ஜூலை 8 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளில், தங்கச்சிமடத்திலிருந்து தீவுக்குப் புறப்படும் ஒருவரைக் கொழும்பு தடுக்க முடியாது, டெல்லி தடுக்கலாம். உரிமையின் ஒரு கதவு ஒப்பந்தத்தால் திறந்தது, மறு கதவின் சாவி இந்திய அரசின் கையிலேயே இருந்தது.

நடைமுறையில் யாரும் அப்படித் தண்டிக்கப்படவில்லையே, இது ஏட்டுச் சட்டம்தானே என்று சிலர் கேட்கக்கூடும். தண்டனை இல்லாததால் உரிமை வந்துவிடாது. ஆண்டுதோறும் அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே வாங்குகிறது, அடையாள அட்டையைப் பார்க்கிறது, பதிவான படகில் மட்டுமே ஏற்றுகிறது. கடவுச்சீட்டு கேட்கப்படுவதில்லை என்பது உண்மை. ஆயினும் அங்கே நடப்பது நிர்வாகத்தின் இசைவு. அதை உரிமையின் பயன்பாடு என்று சொல்ல முடியாது. உறுப்பு மீனவர், யாத்திரிகர் என இரு வகையினரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்த இசைவோ யாத்திரிகருக்கு மட்டும், திருவிழா நாட்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது.

இப்போது அமைச்சரின் அறிக்கைக்கு வருவோம். மீன்பிடிப்பு, யாத்திரை, கடற்பயணம் ஆகிய மூன்றிலும் இரு தரப்பும் முன்பு அனுபவித்த உரிமைகள் எதிர்காலத்துக்கும் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்று அவர் அவைக்கு உறுதியளித்தார். ஒப்பந்தத்தில் மீன்பிடிப்பு என்ற சொல்லே இல்லாதபோது இது அவையைத் திசைதிருப்பிய பேச்சு என்று ஒரு மரபு சொல்லிவருகிறது. நான் அப்படிக் கருதவில்லை. ஒப்பந்தம் பேசி முடித்த அரசே, அது நடைமுறைக்கு வந்து பதினைந்தே நாளில், அதற்குச் சொன்ன பொருள் இது. இலங்கையை அது கட்டுப்படுத்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு தரப்பு தன் நாடாளுமன்றத்தில் சொன்ன விளக்கம் மறு தரப்பின் மீது சுமையாகாது. ஆனால் சொன்ன அரசை அது கட்டுப்படுத்தத்தான் வேண்டும். மீனவர் தீவுக்கு வருவது படகும் வலையுமாகத்தான். மீன் பிடிக்காத மீனவருக்குப் பயண ஆவண விலக்கு அளிக்க இரு அரசுகள் கூடிப் பேசியிருக்கும் என்று நம்புவது கடினம். வலை உலர்த்தவும் இளைப்பாறவும் மட்டுமே அந்த விலக்கு என்ற பிற்கால விளக்கத்துக்கு வாசகத்தில் ஆதாரம் காணவில்லை.

அறிக்கையின் உள்ளடக்கத்தைவிட அதன் வடிவம் கூடுதல் கவனத்துக்கு உரியது. மக்களவை விதி 372இன்படி அமைச்சர் தாமாக அளிக்கும் அறிக்கையின்போது கேள்வி கேட்க இடமில்லை. வினா நேரத்தில் இதே பொருள் வந்திருந்தால் துணைக் கேள்விகளுக்கு அமைச்சர் எழுந்து விடையளித்தாக வேண்டும். அந்த வழியை அறிக்கை அடைத்துவிட்டது. இரா. செழியனும், இராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையா தேவரும், வாஜ்பாயும் எதிர்ப்பைச் சொன்னார்கள். எதிர்ப்புச் சொல்லலாம், விடை பெற முடியாது. அதற்கு முன்பே ஒப்புதல் ஆவணங்கள் பரிமாறப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் பொருளில் நாடாளுமன்றக் கேள்வியைத் தொல்லையாகப் பார்க்கும் மனநிலை அன்று புதிதாகத் தோன்றியதும் அல்ல. வெளியுறவுப் பொறுப்பையும் வைத்திருந்த நேரு, 1961 மே மாதக் குறிப்பொன்றில், இச்சிறு தீவுக்குத் தாம் எந்த முக்கியத்துவமும் தரவில்லை என்றும், உரிமைக் கோரிக்கையைக் கைவிடத் தயங்கமாட்டேன் என்றும் எழுதினார். விவகாரம் நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுவதைத் தாம் விரும்பவில்லை என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறப்பட்டு 2024இல் வெளியான ஆவணங்களில் இது இடம்பெற்றது. தீவு வேண்டாம் என்ற பகுதியைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டினார்கள். கேள்வி வேண்டாம் என்ற பகுதி அதைவிடக் கனமானது என்பேன்.

இந்த விவாதத்தைக் கரையோரத்துக்குள்ளேயே அடக்கிவைப்பது முந்தைய ஆய்வுகளின் இன்னொரு குறை. 1974இல் பந்தல்குடியும் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985இல். இன்றைக்கும் திருச்சுழி சட்டமன்றத் தொகுதி இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. கச்சத்தீவின் மீதான ஜமீன் உரிமையை முடித்துவைத்த 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டமே இந்த வானம் பார்த்த பூமியின் ஜமீன் ஊர்களையும் அரசின் கீழ் கொண்டுவந்தது. உறவு நில வரலாற்றோடு நிற்கவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் இந்தக் காட்டு ஊர்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்குக் கடல் கடப்பது பழகிய வழி. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியே தூத்துக்குடிக்கு இறங்கும் சாலையின் முடிவில் கொழும்புக் கப்பல் நின்றது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், கிழக்கே மண்டபத்திலும் தோட்டத் தொழிலாளருக்கான முகாம்கள் இருந்தன. அந்தப் பயணத்துக்குக் கடவுச்சீட்டு கிடையாது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகே தாள் கேட்கும் காலம் தொடங்கியது. கள்ளத்தோணி என்ற வசைச்சொல் பரவியதும், 1952இல் இலங்கைப் படைகள் மாண்டி நடவடிக்கை என்ற பெயரில் வடகடலில் காவலுக்கு இறங்கியதும், 1963இல் தரைப்படைக்குள் இதற்கெனத் தனிப் பிரிவு அமைந்ததும் இதன் தொடர்ச்சிகள். ஆவணமில்லாத தமிழரின் படகை அச்சத்தோடு பார்த்த ஓர் அரசு, ஆவணமில்லாமல் வரலாம் என்று 1974இல் எழுதிக் கையெழுத்திட்டது. அதை வெறும் பரிவு என்பவர்கள் இந்தப் பின்னணியைப் பார்க்கவில்லை. தன் எல்லைக் காவலின் ஒரு பகுதியைக் கொழும்பு விட்டுக்கொடுத்திருக்கிறது. விலை பெறாமல் எந்த அரசும் அப்படிச் செய்யாது. அந்த விலையே தீவு.

இதே அமைச்சரின் இன்னொரு பக்கத்தையும் இங்கே பேசியாக வேண்டும். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங்தான். இலங்கையில் நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று அதில் முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தது 1974 ஜனவரி ஒப்பந்தம். இந்தியக் குடியுரிமை பெற்ற தோட்டத் தொழிலாளர் கையில் இந்தியக் கடவுச்சீட்டு கொடுக்கப்பட்டு, அவர் இராமேசுவரத்தில் வந்து இறங்கினார். கடவுச்சீட்டு வெளியுலகத்துக்குத் திறக்கும் தாள் என்று பிற இடங்களில் பொருள்பட்ட காலத்தில், அவருக்கு அது பிறந்து வளர்ந்த தோட்டத்தைவிட்டு வெளியேறும் உத்தரவு. ஒரே ஆண்டில், ஒரே அமைச்சகம், ஒரே கடலில் ஒரு தமிழருக்குத் தாளைத் திணித்தது, மற்றொரு தமிழருக்குத் தாள் வேண்டாம் என்றது. இரண்டையும் தனித்தனித் துறைகளாக ஆராய்வது வசதியாக இருக்கலாம். இரண்டும் ஒரே கொள்கையின் இரு கைகள் என்றே நான் வாசிக்கிறேன்: யார் எந்தக் கரைக்கு உரியவர் என்பதை இனி ஆவணமே சொல்லும் என்பது அக்கொள்கை. அன்று தமிழகம் முழுவதற்கும் சென்னையில்தான் கடவுச்சீட்டு அலுவலகம். திருச்சியில் 1983இலும் மதுரையில் 2007இலும்தான் அலுவலகங்கள் வந்தன. பந்தல்குடிப் பக்கத்து விவசாயியோ பாம்பன் மீனவரோ விண்ணப்பித்துப் பெறக்கூடிய தொலைவில் அந்தத் தாள் இல்லை என்பதையும் நினைவில் கொண்டால், விலக்கின் மதிப்பு விளங்கும்.

1976 மார்ச் 23 கடிதப் பரிமாற்றத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்ற வாதம் மிகவும் செல்வாக்குள்ளது. 2024 ஏப்ரல் 1 அன்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியாளர்களிடம் முன்வைத்ததும் இந்த வரிசைதான்: 1974இல் அவைக்கு உறுதி, இரண்டே ஆண்டில் அந்த உறுதி கைவிடப்பட்டது. இருபது ஆண்டுகளில் 6,184 மீனவர்கள் பிடிக்கப்பட்டதையும் 1,175 படகுகள் கைப்பற்றப்பட்டதையும் அவர் சொன்னார். எண்கள் கொடுமையானவை. அதற்காக வரிசை சரியாகிவிடாது. 1976 ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்தது. அதனுடன் வெளியுறவுச் செயலர் கேவல் சிங் பரிமாறிக்கொண்ட கடிதம், மறு நாட்டின் நீரில் வெளிப்படையான அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது என்றது. பாக் நீரிணைக்கும் அது பொருந்தும் என்றே வைத்துக்கொண்டாலும், தீவுக்குச் சென்றுவருவதையும் பயண ஆவண விலக்கையும் அது தொடவில்லை. 1974இன் ஐந்தாவது உறுப்பை நீக்குவதாக எங்கும் சொல்லவும் இல்லை. உயிரோடிருக்கும் உறுப்பைச் செத்ததாக அறிவித்துவிட்டால் அதை நிறைவேற்றும் கடமை எவருக்கும் இல்லாமல் போகும். அந்த வசதியை இரண்டு தலைநகரங்களும் அனுபவித்து வருகின்றன.

கட்சி மாற்றமும் இதை மாற்றவில்லை. 1974இல் எதிர்த்த வாஜ்பாய் 1977 மார்ச்சில் வெளியுறவு அமைச்சரானார். அவர் காலத்தில் கடவுச்சீட்டு வழங்கல் தளர்ந்தது. மேனகா காந்தியின் கடவுச்சீட்டைக் கைப்பற்றியது தொடர்பாக 1978 ஜனவரி 25 தீர்ப்பு வந்ததும் அப்போதுதான். வெளிநாடு செல்வது தனிமனித உரிமை, அதைப் பறிக்கும் நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. கச்சத்தீவு விலக்கு அந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் ஒருமுறையும் பரிசீலிக்கப்படவில்லை. மீனவர் தீவுக்குப் போவதை இந்திய அதிகாரி தடுத்தால், அதற்கும் நியாயமான நடைமுறை வேண்டும் அல்லவா?

இன்று நாடாளுமன்றத்தில் இது பற்றிக் கேட்டால் வரும் எழுத்துமூல விடை ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கிறது: தீவு பன்னாட்டுக் கடல் எல்லைக் கோட்டுக்கு இலங்கைப் பக்கம் உள்ளது, விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது. 2008இல் ஜெயலலிதாவும் 2013இல் கருணாநிதியும் தொடுத்த வழக்குகளின் சாரம் ஒப்பந்தங்கள் செல்லுமா என்பது. அவற்றைச் சுட்டி இறையாண்மை பற்றிய கேள்வியை அமைச்சகம் தள்ளிவைப்பதை ஏற்கலாம். ஐந்தாவது உறுப்பு அந்த நிழலில் ஒதுங்க முடியாது. தீவு இலங்கையுடையது என்று எடுத்துக்கொண்டால்தான் அந்த உறுப்புக்கு வேலையே இருக்கிறது. ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பு வரும் நாள்வரை அது நடைமுறையில் உள்ள உறுப்பு. 22ஆம் பிரிவின்படி மீனவர்களுக்கு அறிவிக்கை உண்டா, இல்லையெனில் எந்தச் சட்டத்தின்கீழ் யாத்திரிகர் மட்டும் அனுப்பப்படுகிறார்கள், மீனவர் தீவில் கால் வைக்கும் உரிமையைக் கொழும்பிடம் கடைசியாக எப்போது இந்தியா எழுப்பியது என்ற மூன்றும் எந்த வழக்கின் முடிவையும் முன்கூட்டிச் சொல்பவை அல்ல. நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக வந்தால், இவற்றுக்கு அமைச்சர் அவையில் எழுந்து விடை சொல்லியாக வேண்டும்.