மறக்கும் ஒற்றன், மறவாத பார்வையாளர்: உளவு அதிரடிப் படத் தொடர்ச்சிகளின் வரலாறு, 1963–2025

1962இல் வெளியான முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வின் தயாரிப்புச் செலவு ஏறத்தாழ 10 லட்சம் டாலர். ஐந்தே ஆண்டுகள் கழித்து, 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) படத்துக்காகப் பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தில் கலை இயக்குநர் கென் ஆடம் எழுப்பிய எரிமலைக் குகை அரங்கு ஒன்றுக்கு மட்டுமே ஏறக்குறைய அதே தொகை செலவானது. உளவுப் படங்களின் அடுத்தடுத்த பாகங்கள் சலிப்பூட்டுவதற்கு இந்தப் பெருக்கமே காரணம் என்று சொல்வது வழக்கம். வரலாற்றைப் படம் படமாகப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்பதில்லை. பாண்ட் படங்களிலேயே மிகக் குறுகியவற்றுள் ஒன்றான, 106 நிமிடமே ஓடும் 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' (2008) ஏமாற்றியது. வானத்திலிருந்து குதிப்பது முதல் ஹெலிகாப்டர் துரத்தல் வரை அடுக்கும் 'மிஷன்: இம்பாசிபிள் – ஃபால்அவுட்' (2018) இரண்டரை மணி நேரமும் கட்டிப்போட்டது. அளவுக்கு அப்பால் வேறொன்று வேலை செய்கிறது.

அதை நினைவு என்று இக்கட்டுரை கொள்கிறது. இரண்டாம் பாகத்துக்கு வருபவர் வெறுமையான மனத்தோடு வருவதில்லை. நாயகன் யாரை இழந்தான், எந்தக் கருவியால் தப்பினான், யாரை நம்பி மோசம் போனான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உளவுக் கதையோ யாருக்கு எது தெரியும் என்பதையே உயிராகக் கொண்டது. எனவே பார்வையாளர் சுமந்துவரும் நினைவைப் படம் எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் தொடர்ச்சியின் தலைவிதி அடங்கியிருக்கிறது.

1963இல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' இந்த வகைக்கு முன்மாதிரி. இயன் ஃப்ளெமிங்கின் 1957ஆம் ஆண்டு நாவலில் பாண்டுக்கு வலை விரிப்பவர்கள் சோவியத் உளவுத் துறையினர். படத்தில் அந்த இடத்தை ஸ்பெக்டர் என்ற குற்றவாளிக் கூட்டம் பிடித்துக்கொள்கிறது. டாக்டர் நோவைக் கொன்றதற்குப் பழிவாங்குவதும் அதன் திட்டத்தில் சேர்கிறது. முதல் படத்தின் முடிவு இரண்டாம் படத்தின் காரணமாகிவிட்டது. தலைப்புக்கு முன் வரும் காட்சி பாண்ட் படங்களில் தொடங்கியதும் இதிலிருந்துதான். இரவு நேரத் தோட்டத்தில் ராபர்ட் ஷா நடித்த ரெட் கிராண்ட் பாண்டைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பிறகு பிணத்தின் முகமூடி உரிக்கப்படுகிறது, பயிற்சிக்காக நிறுத்தப்பட்ட வேறு ஆள். முதல் படத்தில் எதிலிருந்தும் தப்பியவன் என்று நாம் நம்பிவந்த நாயகனை, படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சாகக்கூடியவனாக்கிக் காட்டிவிடுகிறார் இயக்குநர் டெரன்ஸ் யங்.

அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கிராண்ட் யார் என்பது நமக்குத் தெரியும், பாண்டுக்குத் தெரியாது. இஸ்தான்புல்லில் அவன் நிழல்போலத் தொடர்கிறான், தேவைப்பட்டால் பாண்டைக் காப்பாற்றக்கூடச் செய்கிறான். ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் சக பிரிட்டிஷ் உளவாளியின் பெயரில் நட்போடு கைகுலுக்குகிறான். இரவு உணவில் மீனோடு சிவப்பு ஒயினை அவன் கேட்டபோதே பாண்டுக்கு உறுத்தியிருக்க வேண்டும். உண்மை தெரியவரும்போது பாண்ட் முழந்தாளிட்டு, துப்பாக்கி முனையில் இருக்கிறான். அவனைக் காப்பாற்றும் பெட்டியையும் படம் முன்பே நமக்குக் காட்டியிருக்கிறது. தாழ்களைத் திருப்பாமல் திறந்தால் கண்ணீர்ப் புகை வெடிக்கும் என்று லண்டன் அலுவலகத்தில் விளக்கியது நம் நினைவில் இருக்கிறது. கிராண்டின் கை பெட்டியை நோக்கிப் போகும் கணத்தில் அரங்கு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்வது அதனால்தான். பிறகு வரும் சண்டையைப் படத்தொகுப்பாளர் பீட்டர் ஹன்ட் ஒரு சிறிய ரயில் அறைக்குள் வெட்டி அடுக்கியிருக்கும் விதத்தை இன்றைய சண்டைப் பயிற்சியாளர்களும் படிக்கலாம். படத்தின் செலவு முந்தையதைப்போல இருமடங்கு. ஆனால் அதன் சிறந்த காட்சிக்கு ஒரு ரயில் பெட்டி அறை போதுமாக இருந்தது.

'கோல்ட்ஃபிங்கர்' (1964) வேறு வழியில் சென்றது. பழைய பகையை விட்டுவிட்டு, முழுக்கத் தனியான கதையாக நின்றது. லேசர் கதிருக்கு முன் கட்டப்பட்டுக் கிடக்கும் பாண்டுக்கு எந்தக் கருவியும் உதவவில்லை. எதிரி தன்னிடம் மறைக்கும் திட்டத்தின் பெயரை அரைகுறையாக அறிந்தவன், எல்லாம் தெரிந்தவன்போல் பேசித்தான் உயிர் பிழைக்கிறான். இந்தப் படத்தின் மாபெரும் வெற்றியால், ஆஸ்டன் மார்ட்டின் கார் முதலான அலங்காரங்களைத் தயாரிப்பாளர்கள் வாய்பாடாக எடுத்துக்கொண்டார்கள். மேசையில் கட்டுண்ட மனிதனின் வாய்ச்சாமர்த்தியம் வாய்பாட்டில் ஏறவில்லை. அடுத்த ஆண்டின் 'தண்டர்பால்' பட நேரத்தில் கணிசமான பகுதியை நீருக்கடியில் கழித்தது. பெரும் வசூல், ஆனால் முகம் தெரியாத முக்குளிப்பவர்கள் ஒருவரையொருவர் குத்திக்கொள்வதில் யார் எங்கே என்ற கேள்விகூட எழுவதில்லை.

இந்த ஆய்வின் மையம் 1969. அதைப் புரிந்துகொள்ள நாவல்களின் வரிசை முக்கியம். ஃப்ளெமிங் 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' நாவலை 1963இலும் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' நாவலை 1964இலும் வெளியிட்டார். முன்னதன் இறுதியில் பாண்டின் மனைவி டிரேசி திருமண நாளன்றே கொல்லப்படுகிறாள். பின்னதில் உடைந்துபோன பாண்ட் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, அங்கே மறைந்து வாழும், அவள் சாவுக்குக் காரணமான ஸ்பெக்டர் தலைவன் ப்ளோஃபெல்டைக் கண்டுபிடித்துப் பழிதீர்க்கிறான். இழப்பும் அதன் விளைவுமாக இரண்டும் ஒரே கதை. திரையிலோ வரிசை புரண்டது. ஜப்பான் கதை 1967இலும் திருமணக் கதை 1969இலும் வந்தன. கொலைக்கு முன்பே பழி தீர்த்தாகிவிட்டது போன்ற நிலை. பழிவாங்கும் கதைக்கு உரிய நாவல் எரிமலைக்கும் விண்கலத்துக்கும் செலவாகிவிட்டது.

இதன் விளைவு திரையிலேயே தெரிகிறது. 1967இல் பாண்டும் ப்ளோஃபெல்டும் நேருக்கு நேர் சந்தித்துவிட்டார்கள். 1969இல் வம்சாவளி ஆய்வாளர் வேடத்தில் ஆல்ப்ஸ் மலை உச்சிக்கு வரும் பாண்டை ப்ளோஃபெல்ட் முகத்தைக் கொண்டு அடையாளம் காண்பதே இல்லை. இருவர் வேடத்திலும் வேறு நடிகர்கள் நடித்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இதே படம்தான் தலைப்புக் காட்சியில் முந்தைய படங்களின் துணுக்குகளை ஓடவிடுகிறது. பதவி விலகத் துணிந்த பாண்ட் மேசை இழுப்பறையிலிருந்து பழைய படங்களின் நினைவுப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுக்கிறான், அந்தந்தப் படத்தின் இசையும் கூடவே ஒலிக்கிறது. பொருள்களை நினைவில் வைத்திருக்கும் படம் முகத்தை மறந்துவிட்டது. இந்தக் குறை இருந்தும், அந்தத் தொடரின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக இதைக் கருதுகிறேன். பீட்டர் ஹன்ட் இயக்குநராகி நாவலை ஒட்டியே நடந்தார். டயானா ரிக்கின் டிரேசி பாண்டைக் காப்பாற்றத் தானே கார் ஓட்டி வருகிறாள். இறுதியில் ஒரே துப்பாக்கிச் சூடு, உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் கணவனின் முனகல், அத்தோடு படம் முடிந்துவிடுகிறது.

இத்தகைய முடிவுக்குப் பின் தொடர்ச்சிக்குக் கடமை ஒன்று இருந்தது. பாண்டாக நடித்த புதுமுகம் ஜார்ஜ் லேசன்பி ஒரே படத்தோடு விலகினார், வசூலும் முந்தைய படத்தைவிடக் குறைந்தது. தயாரிப்பாளர்கள் 12.5 லட்சம் டாலர் கொடுத்து ஷான் கானரியைத் திரும்ப அழைத்தார்கள். 'கோல்ட்ஃபிங்கர்' இயக்குநர் கை ஹாமில்டனும் அதன் பாடகி ஷெர்லி பாஸியும் வந்தார்கள். 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971) பாண்ட் ப்ளோஃபெல்டை ஆவேசமாகத் தேடுவதோடு தொடங்குகிறது. ஏன் தேடுகிறான்? படம் சொல்வதில்லை. டிரேசியின் பெயர்கூட வருவதில்லை. சில நிமிடங்களில் பகைவனைக் கொதிசேற்றில் அமிழ்த்திவிட்டதாக நினைத்துக்கொண்டு பாண்ட் வைரக் கடத்தல் விசாரணைக்குச் சிரித்த முகத்தோடு போகிறான். லாஸ் வேகாஸ் துரத்தல்களில் கலகலப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் முந்தைய படத்தைப் பார்த்துக் கலங்கியவரிடம், உன் கலக்கம் கணக்கில் இல்லை என்று இந்தப் படம் சொல்கிறது. ஒரு தொடர்ச்சி தன் பார்வையாளருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய துரோகம் இதுவே என்பது என் துணிபு.

அந்தத் துயரம் திரும்பிவர மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ' (1977) படத்தில் சோவியத் உளவாளி ஆன்யா, பாண்டின் வாழ்க்கைக் குறிப்பை அவன் முன்னே ஒப்பிக்கும்போது திருமணமும் மனைவியின் கொலையும் வந்துவிடுகின்றன. பாண்டாக நடிக்கும் ரோஜர் மூர் அவள் பேச்சைச் சட்டென்று முறிக்கிறார். எப்போதும் புன்னகைக்கும் முகம் ஒரு வரிக்கு மட்டும் இறுகுகிறது. அதே படத்தில் தன் காதலனைக் கொன்றவன் பாண்ட்தான் என்று அறியும் ஆன்யா, பணி முடிந்ததும் அவனைக் கொல்வேன் என்கிறாள். கப்பல்களை விழுங்கும் பிரம்மாண்டத்துக்கு நடுவே இந்தக் கடன் கதையைத் தாங்கிப் பிடிக்கிறது.

அப்படத்தின் இறுதி எழுத்துகள் அடுத்து 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' வரும் என்றன. 'ஸ்டார் வார்ஸ்' வெற்றியைக் கண்டு அதற்குமுன் 'மூன்ரேக்கர்' (1979) எடுக்கப்பட்டது. அதே இயக்குநர், ஏறக்குறைய அதே கதை. மனித குலத்தை அழித்துப் புதிதாய்த் தொடங்க நினைப்பவன் கடலடியிலிருந்து விண்வெளிக்கு மாறினான். முன்படத்தில் நம்மை நடுங்கவைத்த இரும்புப் பல் ஜாஸ் இதில் காதலில் விழுந்து நல்லவனாகிறான். வசூலில் அடுத்த 16 ஆண்டுகளுக்கு எந்தப் பாண்ட் படமும் இதை மிஞ்சவில்லை. வசூலைச் சுவையின் அளவுகோலாகக் கொள்ளமுடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1981இல் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' வந்தபோது அது டிரேசியின் கல்லறையில் தொடங்கியது. கருவிகள் நிறைந்த கார் தொடக்கத்திலேயே வெடித்துச் சிதறுகிறது. செங்குத்துப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறும் பாண்டின் ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படும்போது மீண்டும் அவன் சாகக்கூடியவனாகிறான்.

நினைவையே கதைப்பொருளாக்கியது பார்ன் தொடர். கடந்த காலத்தை இழந்த கொலையாளி, 'தி பார்ன் சுப்ரீமஸி'யில் (2004) தன் காதலி மேரியோடு கோவாவில் ஒளிந்திருக்கிறான். முதல் படம் நமக்குத் தந்த ஒரே நிம்மதி அவள். படம் தொடங்கிச் சற்று நேரத்தில் அவள் சுடப்பட்டு, கார் ஆற்றில் விழுகிறது. பழிவாங்கும் படமாகப் போகிறது என்று நினைக்கும்போது, பால் கிரீன்கிராஸ் இறுதியை வேறொன்றாக்குகிறார். மாஸ்கோவில் ஒரு நீண்ட கார்த் துரத்தலுக்குப் பிறகு, காயத்தோடு நொண்டிக்கொண்டு பார்ன் ஓர் இளம்பெண்ணின் வீட்டில் காத்திருக்கிறான். உன் பெற்றோரைக் கொன்றது நான், உன் தாய் குற்றமற்றவள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அதிரடிப் படம் ஒன்று மன்னிப்புக் கேட்பதில் உச்சம் அடைவதை அதற்குமுன் நான் கண்டதில்லை. 'தி பார்ன் அல்டிமேட்டம்' (2007) இரண்டாம் படத்தின் கடைசித் தொலைபேசி உரையாடலைத் தன் நடுவில் வைத்து, நாம் முன்பு கேட்ட அதே சொற்களுக்கு வேறு பொருள் தந்தது. நினைவு முழுமையாகத் திரும்பியதும் கதையும் தீர்ந்தது. தீர்ந்த கதையைத் தொடர, தந்தையின் மரணம் பற்றிய புதிய ரகசியத்தை 2016இன் 'ஜேசன் பார்ன்' புகுத்தியது. முந்தைய படங்களில் விதைக்கப்படாத ரகசியம் அது. அதனால் வெளிப்பட்டபோது யாரையும் தொடவில்லை.

பாண்ட் தொடரும் இதே காலத்தில் ஒருமுறை தடுமாறி, பிறகு இதே தவறைச் செய்தது. 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' முந்தைய படம் முடிந்த சிறிது நேரத்திலேயே தொடங்குகிறது. அந்தப் படத்தில் காதலி வெஸ்பரை இழந்தவனின் துயரம் அதற்குத் தயாராக இருந்தது. எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் திரைக்கதை முழுமை பெறவில்லை. துரத்தல் காட்சிகள் மிக வேகமாக வெட்டப்பட்டதில் யார் யாரைத் துரத்துகிறார் என்பதே மங்குகிறது. இது கைகூடாத நேர்மையான முயற்சி. 'ஸ்பெக்டர்' (2015) வேறு வகை. 2013இல் ஸ்பெக்டர், ப்ளோஃபெல்ட் உரிமைகள் தயாரிப்பாளர்கள் கைக்கு வந்தன. உடனே ப்ளோஃபெல்ட் பாண்டின் வளர்ப்புக் குடும்பத்து அண்ணனாக்கப்பட்டான். முந்தைய மூன்று படங்களின் வில்லன்களும் அவனுடைய ஆட்களாம், பாண்டின் எல்லா வலிக்கும் அவனே காரணமாம். வெஸ்பரின் துரோகம், மேலதிகாரி எம்மின் மரணம் என்று தனித்தனியே கனத்த இழப்புகள் ஒருவனின் சகோதரப் பொறாமையாகச் சுருங்கிவிட்டன. 1971 மறந்து கெடுத்தது. 2015 இல்லாத நினைவைப் புகுத்திக் கெடுத்தது.

தமிழில் இதே சிக்கலை கமல் ஹாசன் எதிர்கொண்டார். 'விஸ்வரூப'த்தின் (2013) ஆற்றல் ஒரே ஒரு வெளிப்பாட்டில் இருந்தது. பயந்த சுபாவம் கொண்ட கதக் ஆசிரியர் கைகள் கட்டப்பட்ட நிலையில் கெஞ்சிக்கொண்டிருக்க, சில நொடிகளில் அறையே பிணக்காடாகிறது. அவர் யாரென்று தெரிந்துபோன பிறகு 2018இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு அந்த ஆயுதம் இல்லை. முதல் படத்துக்கு முன்னும் பின்னும் அது மாறிமாறிப் போனது. ஆனால் மறதி நோயால் மகனை அடையாளம் காணாத தாயாக வஹீதா ரஹ்மான் வரும் காட்சிகள் உண்மையானவை. முகம் மாற்றி வாழ்ந்தவனைப் பெற்றவளுக்கே தெரியவில்லை. படம் அங்கே தங்கியிருக்கலாம்.

மிஷன்: இம்பாசிபிள் தொடரின் வளர்ச்சியை அதன் முகமூடியை வைத்தே அளக்கலாம். ஜான் வூவின் இரண்டாம் பாகத்தில் (2000) முகமூடிகள் உரிந்துகொண்டே இருக்கின்றன. வியப்பு விரைவிலேயே வற்றிவிடுகிறது. பிராட் பேர்டின் 'கோஸ்ட் புரோட்டோகால்' (2011) பழுதான முகமூடி இயந்திரத்தோடு நாயகன் ஈதனின் குழுவை புர்ஜ் கலீஃபாவில் நிறுத்துகிறது. எதிரிகளின் எதிரே சொந்த முகத்தோடு உட்காரவேண்டும். கண்ணாடிச் சுவரில் ஏறும்போது கையுறையும் கைவிடுகிறது. கருவியை நாம் நம்பிவந்ததாலேயே அதன் தோல்வி நம்மை உலுக்குகிறது. மூன்றாம் படத்தில் மணந்த ஜூலியாவை ஈதன் பிரிந்து வாழ்வதும் பாகம் பாகமாகக் கனம் கூடி, 'ஃபால்அவுட்'டில் காஷ்மீர் மருத்துவ முகாமில் அவள் எதிரே வந்து நிற்கும்போது வெடிகுண்டைவிடப் பெரிதாகிறது.

29 ஆண்டு நினைவைச் சுமந்துகொண்டு 2025இல் வந்த 'தி ஃபைனல் ரெக்கனிங்' நினைவைப் புகுத்துவது, நினைவை மதிப்பது என்ற இரண்டு வழிகளையும் ஒருசேரக் கையாள்கிறது. மூன்றாம் படத்தில் என்னவென்றே சொல்லாமல் விடப்பட்ட 'முயல் கால்' இப்போது உலகை அழிக்கும் செயற்கை அறிவின் மூலமாக்கப்படுகிறது. இது 'ஸ்பெக்டர்' செய்த அதே ஒட்டுவேலை, பழைய துணுக்குகளை எத்தனை முறை ஓடவிட்டாலும் மனம் ஒப்பவில்லை. இன்னொரு நினைவு முற்றிலும் வேறு. 1996இன் முதல் படத்தில் லாங்லியில் ஈதன் கூரையிலிருந்து தொங்கி உளவாளிகளின் பட்டியலைத் திருடியபோது, பொறுப்பிலிருந்த வில்லியம் டன்லோ என்ற ஊழியர் அலாஸ்காவுக்குத் தூக்கியடிக்கப்பட்டார். அன்று அது ஒரு வரி நகைச்சுவை. அதே நடிகர் ரால்ஃப் சாக்ஸன் பெரிங் கடல் தீவு ஒன்றில் நரைத்த தலையோடு மீண்டும் தோன்றுகிறார். மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கும் இடத்தை அறிய ஈதன் அவரைத்தான் நாடவேண்டியிருக்கிறது. தன் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டவனிடம் அவர் கோபம் காட்டவில்லை. அங்கே வந்ததால்தான் மனைவியைச் சந்தித்தேன் என்கிறார். ஏறத்தாழ 170 நிமிடப் படத்தில், விமான இறக்கையில் தொங்கும் டாம் குரூஸைவிட இந்த ஊழியரின் அமைதியான முகமே என்னை அடுத்த பாகம் வேண்டும் என்று நினைக்கவைத்தது.