கிளிமஞ்சாரோவின் காப்பித் தோட்டங்கள்

கிளிமஞ்சாரோ என்றதும் நம் நினைவுக்கு வருவது அதன் பனிமுடி. அம்மலையின் சரிவுகளில் வாழும் சக்கா மக்களையோ, அவர்கள் காப்பிக்காக நடத்திய நெடிய போராட்டத்தையோ நாம் அதிகம் எண்ணுவதில்லை.

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியாவே. எனினும் கிளிமஞ்சாரோவுக்கு அது சுற்றுவழியாகத்தான் வந்து சேர்ந்தது. 1868-இல் பாகமோயோக் கடற்கரையில் மறைத்தளம் அமைத்த தூய ஆவி சபைக் குருக்கள் காப்பி பயிரிட்டனர். அந்நூற்றாண்டின் இறுதியில் கிலேமா மறைத்தளத்தின் வழியே அது மலைச்சரிவை எட்டியது. சக்கா மக்கள் அதனைத் தங்கள் 'கிஹம்பா'வில், அதாவது வீட்டைச் சூழ்ந்த வாழைத்தோட்டத்தில், வாழை நிழலிலேயே நட்டனர். மலையோடைகளிலிருந்து வெட்டி வந்த பழைய வாய்க்கால்கள் அதற்கும் நீர் தந்தன. வாழை பெண்களின் பயிர். காப்பியோ ஆண்களின் பயிராயிற்று. பழம் பறிக்கும் உழைப்பில் பெண்களுக்குப் பெரும்பங்கு இருந்தும், பணம் ஆண்கள் கைக்கே போயிற்று என்பதையும் நாம் மறைக்கலாகாது.

முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேய அதிகாரி சார்லஸ் டண்டாஸ் இப்பயிரை ஊக்குவித்தார். வெள்ளையர் தோட்ட உரிமையாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆப்பிரிக்கர் காப்பி வளர்த்தால் நோய் பரவும், திருட்டு பெருகும் என்றனர். தங்கள் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் கிடைக்கமாட்டார்களே என்ற கவலைதான் அதனினும் பெரிது என்று நாம் கருதுகிறோம். அண்டை நாடான கென்யாவில் 1930-கள் வரை ஆப்பிரிக்கர் அராபிகா காப்பி பயிரிட இயலாதவாறு தடுக்கப்பட்டிருந்தனர். அந்நிலை தங்களுக்கும் நேராதிருக்க, ஜோசப் மெரின்யோ தலைமையில் சக்கா விவசாயிகள் 1925-இல் சங்கம் அமைத்தனர். அதன் இடத்தில் 1933-இல் கிளிமஞ்சாரோ கூட்டுறவு ஒன்றியம் உருவாயிற்று.

உழவரின் கருவி ஒடுக்கும் கருவியாகவும் மாறக்கூடும். ஒன்றியத்திடம் மட்டுமே விற்கவேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது, 1937-இல் மக்கள் கொந்தளித்தனர். விடுதலைக்குப் பின்னரும் அமைதியில்லை. 1976-இல் அரசு கூட்டுறவு ஒன்றியங்களைக் கலைத்தது; 1980-களில் மீண்டும் உயிர்ப்பித்தது. 1989-இல் பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீட்டு முறை முறிந்ததும் விலை சரிந்தது. பலர் மரங்களைப் பேணாது விட்டனர். சிலர் வேரோடு பிடுங்கினர்.

இத்தனைக்கும் இடையே செய்முறை பெரிதும் மாறவில்லை. சிவந்த பழத்தை மட்டும் பறித்து, அன்றே கையால் சுழற்றும் பல்பரில் தோல் நீக்கி, ஓரிரு நாள் புளிக்கவைத்து, வழவழப்புப் போகக் கழுவி, வெயிலில் உலர்த்துவர். பழுக்காத காய் ஒருபிடி கலந்தாலும் சுவை கெடும். இவ்வளவு கவனமும் ஒரு குடும்பத்தின் உழைப்பு. ஆயினும் வீட்டுக்கு வீடு புளிக்கும் நேரமும் கழுவும் நீரும் வேறுபட்டதால் தரமும் வேறுபட்டது. ஆகவே பிற்காலத்தில் சில ஊர்களில் விவசாயிகள் பொதுவான கழுவுநிலையங்களை அமைத்து, தங்கள் ஊர்க் காப்பியை மற்றதோடு கலக்காமல் தனியே விற்கத் தலைப்பட்டனர்.

1934-இல் தோன்றிய லியாமுங்கு ஆய்வு நிலையம், காய்களை அழுகச் செய்யும் நோயைத் தாங்கும் புதிய வகைகளை இந்நூற்றாண்டில் வழங்கியுள்ளது. முதிர்ந்த மரங்கள் நின்ற கிஹம்பாக்கள் சிலவற்றில், வாழை நிழலில் அந்நாற்றுகள் வளர்கின்றன.