இருபடிக் கோவையின் பூச்சியங்கள்: தன்மைக்காட்டியை முதலில் பார்ப்பது ஏன்?

1. வரையறை

கய² + சய + த என்னும் இருபடிக் கோவையில் (க ≠ 0) ய-க்கு எம்மதிப்பைப் பிரதியிட்டால் கோவை 0 ஆகிறதோ, அதுவே அதன் பூச்சியம். மாறிக்கு 'ய' எனக் கொண்டது காரணமின்றியன்று. பழைய பீஜகணித நூலார் தெரியாத கணியத்தை 'யா' என்றே குறித்தனர்.

2. நடு உறுப்பைப் பிரித்தல்

6ய² − 7ய − 3-ஐ எடுத்துக்கொள்வோம். தலைக்கெழுவையும் மாறிலியையும் பெருக்கினால் −18. பெருக்கற்பலன் −18, கூடுதல் −7 தரும் எண்கள் −9, 2. ஆகவே காரணிகள் (3ய + 1)(2ய − 3). பூச்சியங்கள் −1/3, 3/2.

மாறிலியை −4 ஆக மாற்றினால் போதும், முறை திணறிவிடும். −24-க்கு −8, 3 என்றால் கூடுதல் −5. −12, 2 என்றால் −10. −7 எங்கும் வராது. சோடியைத் தவறவிட்டோமா, சோடியே இல்லையா என்று மாணவருக்குத் தெரிவதில்லை.

3. ஸ்ரீதரர் வழி

ஸ்ரீதரரின் பீஜகணித நூல் இன்று கிடைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எடுத்துக்காட்டியதால் அவரது விதி நமக்கு எஞ்சியது: தலைக்கெழுவின் நான்கு மடங்கால் இருபுறமும் பெருக்கி, நடுக்கெழுவின் வர்க்கத்தைக் கூட்ட வேண்டும்.

6ய² − 7ய = 3
144ய² − 168ய = 72
(12ய − 7)² = 121

எனவே 12ய − 7 = ±11. பின்னம் தலைகாட்டவே இல்லை. முதலில் 6 ஆல் வகுக்கும் வழக்கமான வர்க்கப் பூர்த்தியிலோ 49/144-ஐச் சுமந்து திரிய வேண்டும். வகுப்பில் ஸ்ரீதரர் வழியையே முதலில் சொல்லித்தரலாம் என்பேன்.

4. தன்மைக்காட்டி

வலப்புறம் நின்ற 121 தான் ச² − 4கத. கெழுக்கள் முழு எண்களாயிருந்து இது முழு வர்க்கமானால் மட்டுமே விகிதமுறு காரணிகள் உண்டு. மேலே திணறவைத்த கோவைக்கு இதன் மதிப்பு 145; முழு வர்க்கமன்று. சோடி தேடுமுன் இந்த ஒரு கழித்தலைச் செய்திருந்தால் தேடலே தேவைப்பட்டிராது. மதிப்பு 0 எனில் இரு பூச்சியங்களும் சமம். குறை எனில் மெய்ப் பூச்சியம் இல்லை.

5. பூச்சியமும் விடையும்

பாஸ்கரரின் பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கு: கூட்டத்தின் ஐந்திலொரு பங்கில் மூன்றைக் கழித்து, வர்க்கித்த அளவு குகைக்குள் போயிற்று, ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது. சுருக்கினால் ய² − 55ய + 250. தன்மைக்காட்டி 2025, அதாவது 45-இன் வர்க்கம். பூச்சியங்கள் 50, 5. ஆனால் 5-இன் ஐந்திலொரு பங்கான 1-இல் மூன்றைக் கழித்தால் −2. வர்க்கித்தால் 4 குரங்குகள், சமன்பாடும் சரியாகவே இருக்கிறது. எனினும் ஒரு குரங்கிலிருந்து மூன்றை விலக்குவது எப்படி? பாஸ்கரர் 5-ஐத் தள்ளி, 50-ஐ மட்டுமே ஏற்றார்.