அடுத்த நூல்: கம்பளை மலைப்புறத்து வாசிப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நூலைப் படித்து முடித்தவன் அடுத்து எதனைப் படிப்பது என்று தயங்கி நிற்றல் நூல்கள் மலிந்த காலத்தின் இயல்பு. பேராதனை நூலகத்தின் அடுக்குகளிடையே நிற்கும் மாணவனுக்கு இத்தயக்கம் என்றுமுள்ளதொன்றாகவே தோன்றும். ஆயின், அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள கம்பளையையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் நோக்குமிடத்து, இவ்வினா அண்மைக் காலத்தது என்பதும், விடை கூறும் உரிமை வாசகனிடம் எளிதில் வந்து சேரவில்லை என்பதும் புலனாகும்.

பதினான்காம் நூற்றாண்டிற் கம்பளை அரசிருக்கையாக விளங்கிற்று. நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்த லங்காதிலக விகாரையின் கற்சாசனம் சிங்களத்தோடு தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. விகாரைக்கு விடப்பட்ட கொடைகளைப் பதிவு செய்வதே அதன் நோக்கம். அதனைப் படித்தவனுக்கு அடுத்த நூல் என்ற பேச்சே எழுந்திராது.

ஏட்டுக் கல்வியில் வினா எழுந்ததுண்டு. விடைதான் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நிகண்டு, அந்தாதி என நூல்கள் நிரல்பட நின்றன. மாணவனின் விருப்பத்தை எவரும் வினவினாரல்லர். உ. வே. சாமிநாதையர் 1880இற் கும்பகோணத்திற் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்ட நிகழ்ச்சி தமிழ் மாணவர் நன்கறிந்தது. ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிக் கூற, முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாது சீவகசிந்தாமணி பற்றி வினவினார். அடுத்த நூல் இருந்தது, ஏட்டில் மறைந்திருந்தது. 1887இல் அதனை ஐயர் அச்சேற்றினார்.

அதே காலப்பகுதியிற் கண்டியில் நிலைமை வேறு. அங்குப் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898) எதிர்கொண்டது மறைந்த நூலையன்று, இல்லாத நூலை. குர்ஆனை ஓதக் கற்ற முஸ்லிம் பிள்ளை அதன்பின் கையிலெடுக்கத்தக்கவை பெரும்பாலும் அரபுத் தமிழ் நூல்களும், கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, மாலை முதலிய செய்யுள்களுமே. சமயப் பற்றை வளர்த்தற்கு இவை போதுமாயினும், மாறிவரும் உலகை அறிதற்குப் போதா என அவர் கருதினார். ஆகவே 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார், பாடநூல்களை இயற்றினார், கண்டியிற் பெண்கல்விக்கு வழிகோலினார், 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். எகிப்தையும் இந்தியாவையும் களமாகக் கொண்ட அக்கதை வெறும் கற்பனை ஆர்வத்தால் எழுந்ததன்று. 1883இல் எகிப்தியத் தலைவர் அரபி பாஷா இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டிருந்தமையால், அந்நாட்டுச் செய்திகள் இங்குள்ள முஸ்லிம் வாசகர்க்கு அயற்செய்திகளாக இருக்கவில்லை. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் இது என்பர். திறனாய்வாளர் பலர் அந்த 'முதல்' என்ற சொல்லிலேயே தேங்கிவிடுவர். யார் கையிற் சேர்தற்காக எழுதப்பட்டது என்பதன்றோ முதற்கண் கேட்கத்தக்கது!

அந்நாவல் வெளிவந்த 1885ஆம் ஆண்டிலேயே கம்பளை வழிச் செல்லும் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டிற்று. அப்பாதை சென்ற மலைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்க்கு நாவலும் எட்டவில்லை, ஏடும் எட்டவில்லை. தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றி 1907இலும் 1920இலும் சட்டங்கள் இயற்றப்பட்டும், லயத்தருகே நடந்த பாடசாலை எழுத்தும் எண்ணும் கற்பிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. வெளியார் தோட்டத்துள் நுழைவதே குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், கோ. நடேசையர் துணி வியாபாரியாக வேடம் பூண்டு உட்சென்றார் என்பர். எவ்வாறாயினும், 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் அமைத்த அவர், அச்செழுத்தையும் அதன் கருவியாகக் கொண்டார். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார் மேடைகளிற் பாடியதோடு, 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டு நூலையும் வெளியிட்டார். மக்கள் முன்னரே அறிந்த மெட்டுகளில் அமைந்தமையால், எழுத்தறியாதவரும் அதனைக் கேட்டே மனனஞ் செய்தல் கூடும். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னரே.